கடலடியில் ஒரு பிடி மண்

மூன்றரை கிலோமீட்டர் தண்ணீர். அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் சேறும் பாறையும். பருவமழையின் சரித்திரமும் சுனாமியின் காரணமும் அங்கே புதைந்து கிடக்கின்றன. துளை போடுவதைவிட, உள்ளே இருப்பதைக் கலையாமல் மேலே கொண்டுவருவதுதான் விஞ்ஞானிகளுக்குப் பெரும்பாடு.

பிப்ரவரி 2015. வங்காள விரிகுடாவின் தென்பகுதி. கன்னியாகுமரியிலிருந்து கிழக்கே நேர்கோடு இழுத்தால், அது இலங்கையையும் கடந்து நடுக்கடலில் வந்து சேரும் இடம். எந்தத் திசையிலும் கரை தெரியவில்லை. 143 மீட்டர் நீளமுள்ள ஒரு கப்பல் நங்கூரம் போடாமல் அங்கே நிற்கிறது. அதன் நடுவில், கடல் மட்டத்திலிருந்து 62 மீட்டர் உயரத்துக்கு ஓர் இரும்புக் கோபுரம். அதிலிருந்து இறங்கும் குழாய் மூன்றரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கடந்து கடலின் தரைக்குள் நுழைந்திருக்கிறது.

ஒலிபெருக்கியில் "கோர் ஆன் டெக்!" என்ற குரல் கேட்டதும் ஹெல்மெட் அணிந்த டெக்னீஷியன்கள் ஓடுகிறார்கள். குழாயிலிருந்து வெளியே வருவது ஒன்பதரை மீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழல். உள்ளே சாம்பல் நிறச் சேறும் மணலும். அலுங்காமல் அதைத் தூக்கிச் சென்று ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டுகிறார்கள். எந்த முனை மேல், எந்த முனை கீழ் என்று ஒவ்வொரு துண்டிலும் குறிக்கிறார்கள். அடுத்த குழல் அதற்குள் குழாய்க்குள் இறங்கிவிட்டது. இரவு பகலாக இரண்டு மாதத்துக்கு இதே வேலை.

ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற அந்தக் கப்பல் அள்ளியது இமயமலையின் மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் மலையை அரித்துக் கொண்டுவந்து கடலில் கொட்டும் வண்டல், கழிமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. கடலடியில் பள்ளங்கள் வழியே தெற்கே ஓடுகிறது. சுமார் 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, பூமத்திய ரேகைக்கும் அப்பால் வரை, விசிறி போலப் பரந்து கிடக்கிறது. உலகின் மிகப் பெரிய கடலடி வண்டல் விசிறி இதுதான். காசிக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ராமேஸ்வரத்துக்கு கங்கை நீர் கொண்டுவருவார்கள். கங்கையோ பல கோடி ஆண்டுகளாகத் தன் மண்ணைக் கன்னியாகுமரியின் அட்சரேகைக்கும் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

பயணம் எண் 354 என்று பெயரிடப்பட்ட அந்த ஆய்வு, ஒரே கோட்டில் ஏழு இடங்களில் துளையிட்டது. ஓரிடத்தில் கடல் தரைக்குக் கீழே 1,180 மீட்டர் வரை போனது. மலை எப்போது எவ்வளவு வேகமாக அரிக்கப்பட்டது, மழை எப்போது வலுத்தது, எப்போது பொய்த்தது என்பதெல்லாம் அந்த மண்ணில் அடுக்கடுக்காகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் அடுக்குகள் குலையாமல் கைக்கு வந்தால்தான் அந்தப் பதிவைப் படிக்க முடியும்.

ஓட்டை வேண்டாம், மண்தான் வேண்டும்

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வயலில் வந்து போர் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் துளையிடுவது புதிதல்ல. ஆயிரம் அடிக்கும் கீழே போவார்கள். கம்ப்ரஸர் காற்று ஊத, உடைந்த பாறை மாவாகப் பறந்து வெளியே விழும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேண்டியது தண்ணீர், அது வரும் ஓட்டை.

கடல் விஞ்ஞானியின் கணக்கு இதற்கு நேர் எதிர். அவருக்கு ஓட்டை தேவையில்லை. ஓட்டையிலிருந்து எடுத்த மண் உருளைதான் தேவை. 'கோர்' எனப்படும் இந்த உருளையின் விட்டம் சுமார் ஆறு சென்டிமீட்டர். அது உடையக் கூடாது, குழம்பக் கூடாது, வேறு ஆழத்து மண் அதில் கலக்கக் கூடாது. வெளித் தண்ணீர் புகுந்தாலும் பயன் போய்விடும். எந்த ஆழத்திலிருந்து வந்தது என்பது துல்லியமாகத் தெரிய வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், பெரும் செலவில் வந்த உருளை வெறும் சேறுதான்.

நில அதிர்வு அலைகளைச் செலுத்திக் கடலடியைப் படமெடுக்க முடியாதா? முடியும். எண்ணெய்க் கம்பெனிகள் தினமும் செய்கின்றன. ஆனால் படம் உருவத்தைக் காட்டும், வயதைச் சொல்லாது. மும்பைக்கு மேற்கே அரபிக் கடலின் லட்சுமிப் படுகை இதற்கு நல்ல உதாரணம். அங்கே கடலடியில் பிரம்மாண்டமான நிலச்சரிவு ஒன்று புதைந்து கிடப்பது நில அதிர்வுப் படங்களில் தெரிந்தது. அதன் கன அளவு சுமார் 19,000 கன கிலோமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். ஆக்கி அழிக்கும் ஆடல்வல்லானின் பெயரையே சூட்டி 'நடராஜா சரிவு' என்றார்கள்.

அது எப்போது சரிந்தது? 2015 ஏப்ரல், மே மாதங்களில் இதே கப்பல் அங்கே போய் இரண்டு இடங்களில் சரிவை ஊடுருவித் துளைத்தது. ஓரிடத்தில் அதன் தடிமன் சுமார் 330 மீட்டர், மற்றதில் சுமார் 190 மீட்டர். ஆழம் குறைந்த கடலில் உருவான சுண்ணாம்புப் பாறைத் துண்டுகள் ஆழ்கடல் சேற்றோடு கலந்து கிடந்தன. மேலும் கீழுமுள்ள மண்ணில் இருந்த நுண்ணுயிர்ச் சிப்பிகளைக் கொண்டு, சரிந்தது சுமார் ஒரு கோடியே எட்டு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்று கணித்தார்கள். படத்தை வைத்து மட்டும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

முதல் துளை

நிலத்தில் துளைப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. காலுக்குக் கீழே தரை அசையாது. கப்பலோ காற்றில் நகரும், நீரோட்டத்தில் இழுபடும், அலையில் ஏறி இறங்கும். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நங்கூரத்தை நம்பி ஒரே புள்ளியில் நிற்பதும் நடவாத காரியம். கப்பல் சற்று அதிகம் விலகினாலும் குழாய் வளைந்து முறியும்.

இந்தச் சிக்கலை முதலில் தீர்த்தது ஒரு பேராசைத் திட்டம். பூமியின் மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள மேன்ட்டில் பகுதிக்கும் இடையே ஓர் எல்லை இருப்பதை 1909-ல் குரோஷிய விஞ்ஞானி மொஹரோவிசிச் கண்டறிந்தார். கண்டங்களுக்கு அடியில் அந்த எல்லை 30, 40 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கடல் தரைக்கு அடியில் ஆறேழு கிலோமீட்டர்தான். அப்படியானால் கடலிலேயே துளைத்து மேன்ட்டிலைத் தொட்டுவிடலாமே என்று அமெரிக்க விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 'மோஹோல்' திட்டம் பிறந்தது.

1961 வசந்த காலம். மெக்ஸிகோவின் குவாதலூப் தீவுக்கு அருகே கஸ் 1 என்ற கப்பல் நின்றது. பொறியாளர் வில்லர்ட் பாஸ்கம் தலைமை. கப்பலின் நான்கு மூலைகளிலும் உந்துவிசை எந்திரங்கள். சுற்றிலும் மிதவைகளை நிறுத்தி, ரேடாராலும் சோனாராலும் தூரத்தை அளந்து, கப்பல் விலகும்போதெல்லாம் எந்திரங்களால் தள்ளிச் சரிசெய்தார்கள். 3,500 மீட்டருக்கும் அதிகமான தண்ணீருக்குக் கீழே 183 மீட்டர் துளைத்தார்கள். கடைசியில் 13 மீட்டர் எரிமலைப் பாறை. அதிபர் கென்னடி வாழ்த்துத் தந்தி அனுப்பினார். லைஃப் பத்திரிகைக்காகக் கப்பலில் இருந்து எழுதியவர் நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக்.

அதற்குப் பிறகு திட்டம் தடுமாறியது. செலவு கட்டுக்கடங்காமல் ஏற, 1966-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது. மேன்ட்டில் எட்டாக்கனியானது. ஆனால் நங்கூரமில்லாமல் நிற்கும் வித்தை உலகத்துக்குக் கிடைத்தது. ஆழ்கடலில் எண்ணெய் எடுக்கும் கப்பல்கள் அதைத்தான் இன்று பெரிய அளவில் பயன்படுத்துகின்றன.

எழுபது எல்.ஐ.சி. உயரத்திலிருந்து

1968-ல் குளோமர் சேலஞ்சர் என்ற கப்பல் கடலில் இறங்கியது. 1983 வரை உலகைச் சுற்றிச் சுற்றித் துளைத்தது. அட்லாண்டிக் கடலின் நடு மேட்டிலிருந்து விலகிப் போகப் போக, தரைப் பாறையின் மேல் படிந்த மண்ணின் வயது ஏறிக்கொண்டே போவதை அதன் கோர்கள் காட்டின. கடல் தரை நடுவில் பிறந்து இருபுறமும் நகர்கிறது என்ற கொள்கைக்குக் கைமேல் கிடைத்த சாட்சி அது. 1985 முதல் அந்தப் பணியை ஏற்றது ஜாய்டெஸ் ரெசல்யூஷன். எண்ணெய் தோண்டக் கட்டிய கப்பலைச் சோதனைக்கூடமாக மாற்றினார்கள்.

கப்பலை நிறுத்தியாயிற்று. அடுத்தது குழாய். எஃகுதான்; ஆனாலும் மூன்றரை கிலோமீட்டர் நீளத்தில் எஃகும் நூலாகிவிடுகிறது. குழாயின் விட்டத்தையும் நீளத்தையும் ஒப்பிட்டால், ஆறடிக்கு மேல் நீளமான ஒரு தலைமுடியைத் தொங்கவிட்டு அதன் நுனியால் துளையிடுவதற்குச் சமம். கப்பல் அலையில் எழும்பித் தாழும்போது குழாயின் நுனியும் தரையில் குத்திக் குத்தி எழும். அதைத் தணிக்கக் கோபுரத்தில் ஒரு பிரம்மாண்டமான ஸ்பிரிங் போன்ற சாதனம் இருக்கிறது. கப்பல் ஏறினாலும் இறங்கினாலும் குழாயை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் வைத்திருப்பது அதன் வேலை. கடல் கொந்தளித்தால் அதுவும் திணறும்.

கடினப் பாறையில் பிட் சீக்கிரம் தேயும். மாற்ற வேண்டுமானால் குழாய் முழுவதையும் பகுதி பகுதியாகக் கழற்றி மேலே இழுக்க வேண்டும். பிறகு மறுபடி பூட்டி இறக்க வேண்டும். இறக்கியபின் அதே துளையைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னை எல்.ஐ.சி. கட்டிடம் போல் எழுபது கட்டிடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் நின்றுகொண்டு, இருட்டில் கீழே தரையில் உள்ள ஓர் ஓட்டையில் நூலைக் கோக்கும் வேலை.

1970-ல் வழி பிறந்தது. துளையின் வாயில் ஒரு பெரிய புனலைப் பொருத்தினார்கள். குழாய் நுனியில் சோனார் கருவியை இறக்கிப் புனலைத் தேடினார்கள். பின்னாளில் கேமராவும் சேர்ந்தது. இப்போதும் இது மணிக்கணக்கில் பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

சுவடி ஒப்பிடும் கலை

பாறையாவது கெட்டி. மேலே கிடக்கும் சேறு வேறுவிதமான தலைவலி. ஆரம்பத்தில் சுழலும் பிட்டைக் கொண்டு சேற்றையும் கடைந்தார்கள். வந்தது கூழ். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் அடுக்குகள் ஒன்றோடொன்று குழம்பிப்போயின.

1979 வாக்கில் புழக்கத்துக்கு வந்த பிஸ்டன் கருவி இதை மாற்றியது. அது சுழல்வதில்லை. குழாய்க்குள் நீரழுத்தத்தை ஏற்றி, கூர்முனை கொண்ட குழலைச் சில விநாடிகளில் சேற்றுக்குள் பாய்ச்சுவார்கள். உள்ளேயுள்ள பிஸ்டன் சிரிஞ்ச் போல மண்ணைக் குலையாமல் ஏற்றுக்கொள்ளும். கம்பி வடத்தால் அந்தக் குழலை மட்டும் மேலே இழுத்துக்கொள்ளலாம். பெரிய குழாய் துளையிலேயே இருக்கும்.

இதிலும் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு கோரின் அடி முனைக்கும் அடுத்த கோரின் மேல் முனைக்கும் நடுவே, அலையின் ஆட்டத்தால், கொஞ்சம் மண் எப்போதும் விட்டுப்போகும். சில இடங்களில் ஒரு மீட்டர் கூட. அந்த ஒரு மீட்டர் பல ஆயிரம் ஆண்டுகளாக இருக்கலாம்.

தீர்வு தமிழ் படித்தவர்களுக்குப் பரிச்சயமானது. உ.வே. சாமிநாதையர் ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார். ஒன்றில் செல்லரித்த இடத்தை இன்னொன்று நிரப்பியது. கடல் விஞ்ஞானிகளும் ஒரே இடத்தில், சில மீட்டர் தள்ளித் தள்ளி, இரண்டு மூன்று துளைகள் போடுகிறார்கள். ஒரு துளையில் விட்டுப்போன பகுதி அடுத்த துளையில் நடுவாக வரும்படி ஆழத்தை மாற்றி வைக்கிறார்கள். மண்ணின் நிறத்தையும் காந்தத் தன்மையையும் அங்குலம் அங்குலமாக அளந்து, இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கும் இடங்களைப் பொருத்துகிறார்கள். கிடைப்பது விடுபடாத ஒரே பிரதி.

வங்காள விரிகுடாவின் மணலோ இந்தக் கருவிக்கும் அடங்காது. பிடிமானமில்லாத மணல் குழலிலிருந்து நழுவும், துளையின் சுவரையும் சரிக்கும். 2015-ல் பாதி நீளக் குழலைப் பயன்படுத்தி, ஒரு தடவைக்கு ஐந்து மீட்டருக்கும் குறைவாக எடுத்துத்தான் சமாளித்தார்கள்.

வழியிலேயே மறையும் பொருட்கள்

சில பொருட்களுக்கு மேலே வரும் பயணமே ஆபத்து. மீத்தேன் ஹைட்ரேட் என்பது பனிக்கட்டிக்குள் சிறைப்பட்ட எரிவாயு. ஆழ்கடலின் அழுத்தத்திலும் குளிரிலும்தான் அது திடப்பொருள். மேலே ஏற ஏற அழுத்தம் குறையும், உருகும். ஒரு பங்கு ஹைட்ரேட்டிலிருந்து 160 பங்குக்கும் மேல் வாயு கிளம்பும். கோர் கப்பலுக்கு வரும்போது புதையல் ஆவியாகியிருக்கும். வாயு விரிவதால் சேறு குழலின் முனை வழியே பிதுங்கும். பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டு அதை வெளியேற்றுவார்கள். ஒன்பதரை மீட்டர் தோண்டி பத்து மீட்டர் சேறு கிடைக்கிற விந்தையும் நடக்கும்.

இந்தியாவின் ஹைட்ரேட் தேடலுக்காக 2006-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் வாடகைக்கு வந்தது. ஏப்ரல் கடைசியில் மும்பையில் தொடங்கி ஆகஸ்டில் சென்னையில் முடிந்த பயணம். கொங்கண், கிருஷ்ணா-கோதாவரி, மகாநதி, அந்தமான் கடல்கள். கோர் மேலே வந்ததும் அகச்சிவப்புக் கேமரா ஓடும். ஹைட்ரேட் உருகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்த இடம் மட்டும் சில்லென்று தெரியும். உடனே அந்தத் துண்டை வெட்டி திரவ நைட்ரஜனில் போடுவார்கள். கடலடியிலேயே மூடிக்கொண்டு, அங்குள்ள அழுத்தத்தைச் சுமந்தபடி மேலே வரும் சிறப்புக் குழல்களும் இருந்தன. கொங்கண் கடலில் ஹைட்ரேட் அகப்படவில்லை. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் இருப்பது தெரிந்தது.

உயிர்களைத் தேடுபவர்களின் கவலை இதைவிட நுட்பமானது. துளையிடும்போது பிட்டைக் குளிர்விக்கவும் தூளை வெளியேற்றவும் கடல் நீரைத்தான் குழாய்க்குள் பம்ப் செய்கிறார்கள். அந்த நீரில் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உண்டு. கோரில் கண்ட பாக்டீரியா ஆழத்துக்காரனா, மேலிருந்து புகுந்த விருந்தாளியா? இதைப் பிரித்தறிய, பம்ப் செய்யும் நீரில் ஓர் அடையாள ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கோரின் வெளிப்புறத்தைச் சீவி, நடுப்பகுதியைச் சோதிக்கிறார்கள். அங்கே ரசாயனம் இருந்தால் மாதிரி தள்ளுபடி.

இந்தக் கெடுபிடிக்குப் பலன் உண்டு. தென் பசிபிக் கடலில் 2010-ல் எடுத்த களிமண்ணில், பத்துக் கோடி ஆண்டுகள் பழைய அடுக்கு வரை, நுண்ணுயிர்கள் இருந்தன. உணவு கொடுத்ததும் அவை வளர்ந்து பெருகின. ஜப்பானைச் சேர்ந்த யூகி மொரோனோ குழுவினர் 2020-ல் இதை வெளியிட்டபோது, வெளியிலிருந்து புகுந்தவை அல்ல என்று காட்ட முடிந்ததால்தான் அந்த அதிசயத்துக்கு மதிப்பு.

பிழிந்தெடுத்த சாட்சி

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு 14 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியானார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வி ஒன்று. நிலத்தட்டுகள் உரசும் பிளவில், கடல் தரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதி பொதுவாக மென்மையானது. அங்கே இவ்வளவு பெரிய நழுவல் நடக்காது என்று கருதியிருந்தார்கள். சுமத்ராவில் அது எப்படி நடந்தது?

2016-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கொழும்பிலிருந்து கிளம்பி சுமத்ராவுக்கு மேற்கே போனது. பிளவுக்குள் இன்னும் போய்ச் சேராமல், அதை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் மண்ணை எடுப்பது நோக்கம். நான்கு கிலோமீட்டருக்கும் மேலான தண்ணீருக்குக் கீழே ஒன்றரை கிலோமீட்டர் வரை துளைத்தார்கள். அங்கே கிடைத்ததும் பெரும்பாலும் இமயமலை வண்டல்தான்.

கோர்த் துண்டுகளை இரும்பு அச்சில் வைத்து நசுக்கி, துளி துளியாக நீரைப் பிழிந்தார்கள். ஓர் ஆழத்தில் அந்த நீரின் உப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. தாதுக்களுக்குள் கட்டுண்டு கிடந்த நீர், வெப்பத்தால் ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்பதற்கு அது அடையாளம். தடித்த வண்டல் போர்வை போல வெப்பத்தைத் தக்கவைக்கிறது. ஆகவே பிளவுக்குள் போகும் முன்பே மண் உலர்ந்து இறுகிவிடுகிறது. இறுகிய மண் மேல் பகுதியிலும் பெரும் நழுவலுக்கு இடம் கொடுக்கிறது. 2017-ல் வெளியான இந்த முடிவு, தடித்த வண்டல் சேரும் மற்ற பிளவுகளிலும் ஆபத்தை மறுபடி கணக்கிட வேண்டும் என்று உணர்த்தியது. துளையிடப் பயன்பட்ட கடல் நீர் கோருக்குள் சிறிது கசிந்திருந்தாலும் அந்த உப்புக் கணக்கு பிசகியிருக்கும். அதனால் பிழிந்த நீரில் சல்ஃபேட் எவ்வளவு என்று பார்ப்பதும் வழக்கம். இருக்கக் கூடாத ஆழத்தில் இருந்தால், கடல் நீர் புகுந்துவிட்டது என்று பொருள்.

மழைக்கும் இதே கதைதான். மகாநதிக் கழிமுகத்துக்கு அப்பால் 2014-15-ல் எடுத்த கோர்களிலிருந்து, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக விஞ்ஞானி ஸ்டீவன் கிளெமென்ஸ் தலைமையிலான குழு, ஒன்பது லட்சம் ஆண்டுப் பருவமழையின் ஏற்ற இறக்கங்களைப் படித்து 2021-ல் வெளியிட்டது. நிலத்தில் மழை பெய்யப் பெய்ய ஆற்று நீர் கடலின் உப்பைக் குறைக்கும். செடிகளின் இலைமெழுகு அடித்துவரப்பட்டுக் கடலடியில் படியும். இவற்றின் ரசாயனமே மழைமானி. காற்றில் கரியமில வாயு ஏறிய காலங்களில் மழையும் கூடியிருக்கிறது. புவி வெப்பமடைந்தால் தெற்காசிய மழை அதிகரிக்கும் என்று கம்ப்யூட்டர் மாதிரிகள் சொல்வதைக் கடலடி மண்ணும் ஆமோதிக்கிறது.

தோல்விகளும் உண்டு

எல்லாத் துளையும் பலன் தருவதில்லை. ஜப்பானின் சிக்யூ 210 மீட்டர் நீளமுள்ள ராட்சதக் கப்பல். கடலடி வரை இரட்டைக் குழாய் இறக்கி, கனமான சேற்றுக் கரைசலைச் சுற்றவிட்டு, துளையின் சுவர் இடியாமல் தாங்கும் வசதி கொண்டது. பெரும் பூகம்பங்களை உண்டாக்கும் நான்காய்ப் பிளவை, கடல் தரைக்குக் கீழே ஐந்து கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் தொடுவது அதன் லட்சியம். 2018-19-ல் கடைசி முயற்சி நடந்தது. சுவர் திரும்பத் திரும்பச் சரிந்தது. 3,262 மீட்டரோடு நிறுத்தினார்கள். உலக சாதனைதான், ஆனால் பிளவு எட்டவில்லை, ஆழத்திலிருந்து கிடைத்த மாதிரியும் மிகச் சொற்பம்.

அதே சிக்யூ 2012-ல், முந்தைய ஆண்டின் டோஹோகு பூகம்பப் பிளவை வெற்றிகரமாகத் துளைத்தது. சுமார் 6,900 மீட்டர் தண்ணீர். அதற்குக் கீழே 800 மீட்டருக்கும் மேல். அத்தனை பேரழிவை உண்டாக்கிய பிளவின் தடிமன் ஐந்து மீட்டருக்கும் குறைவு. வழுவழுப்பான களிமண். 2023-ல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் அட்லாண்டிக்கில், கடல் தரையை ஒட்டி மேலெழுந்து நிற்கும் மேன்ட்டில் பாறையில் 1,268 மீட்டர் துளைத்தது. மோஹோல் கனவு கண்ட ஆழத்துக்கு இன்றுவரை யாரும் போகவில்லை. ஆனால் அந்தப் பாறை இப்போது கைக்கு வந்திருக்கிறது.

கொச்சி அல்ல, கோச்சி

கப்பலில் ஒவ்வொரு கோரும் வெள்ளரிக்காயைப் போல நெடுக்கில் இரண்டாகப் பிளக்கப்படுகிறது. ஒரு பாதியிலிருந்து விஞ்ஞானிகள் மாதிரி எடுக்கலாம். மறு பாதி நாளைய தலைமுறைக்கான சேமிப்பு. இன்று இல்லாத கருவி நாளை வரும் என்ற நம்பிக்கையில், அதைச் சீண்டாமல் வைக்கிறார்கள். உலகில் மூன்று முக்கியக் கிடங்குகள்: அமெரிக்காவின் டெக்ஸாஸ், ஜெர்மனியின் பிரேமென், ஜப்பானின் கோச்சி. இந்து மகாசமுத்திரத்து மண் போய்ச் சேருமிடம் கோச்சி. பெயரைக் கேட்டுக் கேரளத்துக் கொச்சி என்று நினைத்துவிடக் கூடாது. கங்கை கொண்டுவந்த வண்டல் ஜப்பானில் 4 டிகிரி குளிரில் அடுக்கப்பட்டிருக்கிறது. உலகின் எந்த விஞ்ஞானியும் விண்ணப்பித்து மாதிரி பெறலாம். இந்திய விஞ்ஞானிகளும் பெறுகிறார்கள்.

கிடங்கு இருக்கிறது. கப்பல்தான் இல்லை. ஜாய்டெஸ் ரெசல்யூஷனுக்குத் தொடர்ந்து பணம் தர முடியாது என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 2023 மார்ச்சில் அறிவித்தது. 2024 கோடையில் ஆர்க்டிக் பக்கம் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டு கப்பல் ஓய்வுபெற்றது. சுமார் 40 ஆண்டு சேவை. பதிலுக்கு வேறு கப்பலை அமெரிக்கா அப்போது தயார் செய்திருக்கவில்லை. 2025 முதல் ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து புதிய கூட்டுத் திட்டத்தைத் தொடங்கியிருக்கின்றன. சீனா 2024 நவம்பரில் மெங்ஸியாங் என்ற கப்பலை இறக்கியது. கடல் மட்டத்திலிருந்து 11,000 மீட்டர் வரை துளைக்கும்படி வடிவமைக்கப்பட்டது அது. மேன்ட்டிலைத் தொடும் பழைய அமெரிக்கக் கனவு இப்போது சீனக் கொடியின் கீழ் மிதக்கிறது.

இந்தியா 2009-ல் சர்வதேசத் துளையிடும் திட்டத்தில் இணை உறுப்பினரானது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் சமுத்திர ஆராய்ச்சி மையம் அந்தப் பொறுப்பை ஏற்றது. லட்சுமிப் படுகைப் பயணத்தின் இரு தலைமை விஞ்ஞானிகளில் ஒருவர் அந்த மையத்தைச் சேர்ந்த தனஞ்சய் பாண்டே. 2021-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த ஆழ்கடல் திட்டத்துக்கு ஒதுக்கீடு 4,077 கோடி ரூபாய். அதில் அதிகம் பேசப்படுவது மனிதர்களை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கும் மத்ஸ்யா 6000 கலம். அது கடலின் தரை வரை போகும். தரைக்குக் கீழே ஒரு கிலோமீட்டர் போய் மண்ணைக் கொண்டுவர வேறு வகைக் கப்பல் வேண்டும். அதை நிறுத்தத் தெரிந்தவர்கள், பிட் மாற்றத் தெரிந்தவர்கள், ஒலிபெருக்கிக் குரல் கேட்டதும் ஓடத் தெரிந்தவர்கள் வேண்டும். நாற்பது ஆண்டுகளில் சேர்ந்த இந்தக் கைப்பழக்கம், கப்பல் இல்லாமல் நெடுநாள் நிலைக்காது.

மகாநதிக் கழிமுகத்துக்கு வெளியே ஒன்பது லட்சம் ஆண்டு மழைக் கணக்கைத் தந்த மண், 1,400 மீட்டர் தண்ணீருக்குக் கீழே இருந்து வந்தது. கோதாவரிக்கும் காவிரிக்கும் வெளியேயும் ஆறுகள் யுகயுகமாக மண்ணைக் கொட்டி வந்திருக்கின்றன. அந்தக் கணக்கை எடுத்துப் படிக்கப்போவது யாருடைய கப்பல் என்பதற்கு டெல்லி இனிமேல்தான் பதில் சொல்ல வேண்டும்.